நேபாளப் பாத்ரோ: சூரியனும் திதியும் பங்கிட்டுக்கொண்ட ஆண்டு

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கம் அந்நாட்டு மக்களின் பேச்சில் அந்தத் தேதியால் வருவதில்லை. அவர்களுக்கு அது 2072 பைசாக் 12. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், 1934 இல் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் இன்றும் ‘நப்பே சால்’ நிலநடுக்கம்தான். அதாவது அவர்கள் கணக்கில் 1990 ஆம் ஆண்டில் வந்தது. பரம்பரைப் பிரதமர்களாக ஆண்ட ராணாக்களின் ஆட்சியை முடித்துவைத்த புரட்சி 2007 இல் நடந்தது. பலகட்சி முறையை மீட்ட மக்கள் இயக்கம் 2046 க்கு உரியது, முடியாட்சியை வீழ்த்திய இயக்கம் 2062/63 க்கு. ஒரு நாட்டின் பொது நினைவு முழுவதும் இப்படி வேறோர் ஆண்டுக் கணக்கில் பதிந்திருப்பதைத் தெற்காசியாவில் வேறெங்கும் இந்த அளவுக்குக் காண முடியாது.

நமக்கும் தமிழ் நாட்காட்டி உண்டு. ஆனால் அதை முகூர்த்தம் பார்க்கவும் ஆடி வெள்ளி, தைப்பூசம் போன்ற நாட்களை அறியவும்தான் புரட்டுகிறோம். சம்பளமும் வாடகையும் வங்கித் தவணையும் நீதிமன்ற வாய்தாவும் ஆங்கில மாதத்துக்குப் போய்விட்டன. நேபாளத்தில் இது தலைகீழ். அங்கே வீட்டு வாடகை நேபாள மாதக் கடைசியில் கைமாறுகிறது. மதிப்புக் கூட்டு வரிக் கணக்கை அடுத்த நேபாள மாதத்தின் 25 ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். குடியுரிமைச் சான்றிதழில் பிறந்த நாள் நேபாளத் தேதியில் இருக்கும். கடவுச்சீட்டில் அதுவே ஆங்கிலத் தேதியாக மாறும். நிதியாண்டு சாவுன் மாதம் முதல் நாள், அதாவது ஜூலை நடுவில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டத்தை ஜெட் மாதம் 15 ஆம் தேதி தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் தூங்கிக் கிடந்த சாலைப் பணிகள், நிதி காலாவதியாவதற்கு முன் அசார் மாத மழையில் அவசர அவசரமாக நடப்பதை ‘அசாரே விகாஸ்’ என்று மக்கள் சலிப்போடு சொல்வார்கள். நாட்காட்டி ஒரு நாட்டின் நிர்வாகப் பழக்கத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது.

ஆகவே நேபாளத்தோடு தொழில் செய்பவரோ, அங்கே யாத்திரை போகிறவரோ, நேபாளிகளை வேலைக்கு வைத்திருப்பவரோ அந்நாட்டு நாட்காட்டியை ஒரு பண்பாட்டு அழகாக மட்டும் பார்த்தால் போதாது. அதன் உள்கட்டமைப்பு தெரிய வேண்டும். நேபாளச் சுவரில் தொங்கும் ‘பாத்ரோ’ என்ற காலண்டரில் ஒரே ஒரு நாட்காட்டி இல்லை. பெரிய எழுத்தில் சூரிய மாதத் தேதி, ஓரத்தில் சிறிதாக ஆங்கிலத் தேதி, கீழே திதி என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று கணக்குகள் இருக்கின்றன. ஒரு விடுமுறை இவற்றில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் திட்டமிடுவது எளிது. அது தெரியாதபோதுதான் நேபாள விடுமுறைகள் ஆண்டுதோறும் இஷ்டப்படி இடம் மாறுவதாகத் தோன்றுகிறது.

சூரியன் எழுதும் மாதங்கள்

நேபாளத்தின் அதிகாரபூர்வ ஆண்டுக் கணக்கு பிக்ரம் சம்பத், நாம் விக்கிரம சகாப்தம் என்று சொல்வது. உஜ்ஜயினி விக்கிரமாதித்தனின் பெயரோடு மரபு இணைக்கும் இந்தக் கணக்கு கிறித்துவுக்கு முன் 57 இல் தொடங்குகிறது. வட இந்தியாவிலும் விக்கிரம ஆண்டு வழக்கில் இருக்கிறது. ஆனால் அங்கே அது சந்திர ஆண்டு. சைத்திர மாத வளர்பிறையில் பிறக்கும், குஜராத்தில் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும். நேபாளம் அதே ஆண்டு எண்ணை எடுத்துச் சூரிய மாதங்களின் மேல் ஏற்றிவைத்தது. ராணாக்களின் ஆட்சியில், 1901 இல், அதாவது விக்கிரம ஆண்டு 1958 இல், இது அரசின் கணக்காயிற்று. அதற்கு முன் அரசு காரியங்களில் சக ஆண்டு வழங்கியது. அதற்கும் முன் பள்ளத்தாக்கின் மல்ல மன்னர்கள் நேபாள சம்பத்தைக் கையாண்டார்கள்.

ஆண்டை மாற்றிக் கணக்கிட ஒரு சுருக்கு வழி உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் முடிய ஆங்கில ஆண்டோடு 57 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை 56. இந்தச் சுருக்கு வழி ஆண்டுக்கு மட்டுமே உதவும், தேதிக்கு உதவாது. நேபாள மாதங்களுக்கு நிலையான நீளம் கிடையாது. 29 நாளிலிருந்து 32 நாள் வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த ஆண்டு 31 நாளாக இருந்த மாதம் அடுத்த ஆண்டு 32 நாளாகலாம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. நம் ஆனி 32 நாள் வருவதையும் மார்கழி 29 நாளில் முடிவதையும் தினசரிக் காலண்டரில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். காரணமும் ஒன்றே. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் சங்கராந்தியில் மாதம் பிறக்கிறது. பூமி ஜூலைத் தொடக்கத்தில் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் மெதுவாக நகர்கிறது, ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் விரைவாக நகர்கிறது. அதனால் மிதுன ராசியைக் கடக்க அதிக நாளும் தனுசு ராசியைக் கடக்கக் குறைந்த நாளும் ஆகின்றன. நேபாளப் பஞ்சாங்கமும் தமிழ்ப் பஞ்சாங்கமும் சூரிய சித்தாந்த மரபில் வந்த உறவினர்கள்தாம்.

மாதங்களின் பெயர்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நேபாளத்தின் பைசாக் நம் வைகாசி அல்ல, சித்திரை. அசார் நம் ஆனி, சாவுன் ஆடி, அசோஜ் புரட்டாசி, கார்த்திக் ஐப்பசி, மாக் தை, சைத் பங்குனி. பெயரின் ஒலியை நம்பினால் ஒரு மாதம் தவறிவிடும்.

உறவினர்களாக இருந்தாலும் இருவரின் வழக்கும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. 2024 இல் சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது ஏப்ரல் 13 இரவில். சூரிய மறைவுக்குப் பின் சங்கராந்தி நிகழ்ந்தால் மறுநாளே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. ஆகவே நமக்குச் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14 ஆயிற்று. நேபாளம் ஏப்ரல் 13 அன்றே 2081 ஐ வரவேற்றுவிட்டது. அடுத்த ஆண்டு இரு புத்தாண்டுகளும் ஏப்ரல் 14 இல் சேர்ந்து வந்தன. காத்மாண்டுவில் கூட்டம் வைத்திருக்கும் ஒருவர் ‘நம் புத்தாண்டுதானே அவர்களுக்கும்’ என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்தால் சில ஆண்டுகளில் ஒரு நாள் பிசகும்.

கணினியில் நாட்காட்டிச் செயலி எழுதுகிறவர்களுக்கு இந்த நீளமாறும் மாதங்கள் பெரிய தொல்லை. ஆங்கிலத் தேதிக்கு ஒரு வாய்பாடு போதும். நேபாளத் தேதியை மாற்ற, ஒவ்வொரு ஆண்டின் பன்னிரண்டு மாத நீளங்களையும் பட்டியலாக உள்ளே வைத்துக்கொண்டுதான் எல்லாச் செயலிகளும் இயங்குகின்றன. கடந்த ஆண்டுகளின் பட்டியல் உறுதியானது. வரும் ஆண்டுகளுக்கானது, அந்த ஆண்டின் அதிகாரபூர்வப் பாத்ரோ வெளிவரும் வரை, கணிப்பு மட்டுமே. பத்தாண்டுக்கான கடன் தவணையையும் காப்பீட்டு முதிர்வு நாளையும் நேபாளத் தேதியில் எழுதும் ஒரு நாட்டில் இது சிறிய குறையல்ல. மாத நீளங்களை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணித்து அரசிதழில் வெளியிட்டால் வங்கிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் தலைவலி பாதி குறையும். சூரியனின் ஓட்டம் தெரிந்ததுதான். தீர்மானிக்க வேண்டியது மனிதர்கள்தாம்.

நெடுங்காலப் பார்வையில் இன்னொன்றும் நடக்கிறது. சூரிய சித்தாந்த ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 23 நிமிடம் நீளமானது. இதனால் அறுபது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் நேபாளப் புத்தாண்டு ஆங்கில நாட்காட்டியில் பிந்திய தேதிகளை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ச் 20 ஐ ஒட்டி வரும் சமநாளுக்கும் பைசாக் முதல் நாளுக்கும் இடையில் இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்ததற்கும் இந்த நகர்வே காரணம். நம் சித்திரைக்கும் தைக்கும் இதே கதைதான்.

சூரிய மாதத்தைப் பற்றிக்கொண்ட விடுமுறைகள் நேபாளத்தில் கணிசம். பைசாக் 1 புத்தாண்டு. மாக் 1 மாகே சங்கராந்தி. நமக்குப் பொங்கல், மேற்குத் தராய்ச் சமவெளியின் தாரு மக்களுக்கு மாகி என்ற புத்தாண்டு. அசார் 15 விடுமுறை இல்லை என்றாலும் நாடெங்கும் வயலில் இறங்கி நாற்று நட்டு, தயிரும் அவலும் உண்ணும் நாள். பாகுன் 7 ஜனநாயக தினம், 1951 இல் ராணா ஆட்சி முடிந்ததன் நினைவு. பைசாக் 11 லோக்தந்திர தினம், ஜெட் 15 குடியரசு தினம், அசோஜ் 3 அரசியல் சட்ட தினம். குருங் மக்களின் புத்தாண்டான தமு லோசார் புஸ் 15 இல் வரும். இவை எல்லாம் ஆங்கில நாட்காட்டியில் ஒரு நாள் முன்பின்னாக மட்டுமே அசையும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு வரும் மாகே சங்கராந்தியை இன்றே குறித்துவைக்கலாம்: ஜனவரி 14 அல்லது 15.

திதியின் ஆட்சி

ஆனால் நேபாளத்தின் உயிரோட்டமான விழாக்கள் சூரியனுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. தசைன், திஹார், தீஜ், ஜனை பூர்ணிமா, சிவராத்திரி, பாகு பூர்ணிமா, புத்த ஜெயந்தி, சட் எல்லாமே திதிக்குக் கட்டுப்பட்டவை. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். ஆகவே ஒரு விழா அடுத்த ஆண்டு பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாக வந்துவிடும். இப்படியே விட்டால் தசைன் வேனிலுக்குள் நுழைந்துவிடும் என்பதால், இரண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் புகுத்தப்படுகிறது. அந்த ஆண்டு விழாக்கள் பதினெட்டு இருபது நாள் பின்னுக்குத் தாவும்.

தசைனின் முக்கிய நாளான விஜயதசமியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2023 இல் அதிக சிராவணம் வந்தது. விஜயதசமி அக்டோபர் 24 வரை தள்ளிப்போயிற்று. 2024 இல் அது அக்டோபர் 12, 2025 இல் அக்டோபர் 2. 2026 இல் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை அதிக ஜேஷ்டம் வருவதால் தசமி மறுபடி அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் போகிறது. நேபாளத் தேதியில் சொன்னால் 2080 கார்த்திக் 7, 2081 அசோஜ் 26, 2082 அசோஜ் 16. நேபாளத்தின் மிகப் பெரிய விழாவுக்கு நேபாள நாட்காட்டியிலேயே நிலையான தேதி கிடையாது. இதை மறந்துதான் பலர் ‘தசைன் அசோஜ் மாதத்தில்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் நேரம். அது சுமார் 19 மணியிலிருந்து 26 மணி வரை நீளலாம். சூரிய உதயத்தில் நிற்கும் திதியே அந்த நாளின் திதி என்பது பொதுவிதி. ஒரே திதி இரண்டு உதயங்களைத் தொட்டால் நாள் ஒன்று கூடும். எந்த உதயத்தையும் தொடாமல் போனால் ஒன்று குறையும். 2024 இல் தசைனின் தொடக்க நாளான கடஸ்தாபனம் அக்டோபர் 3, தசமி அக்டோபர் 12. பத்தாம் நாளிலேயே தசமி. 2025 இல் கடஸ்தாபனம் செப்டம்பர் 22, தசமி அக்டோபர் 2; பதினோராம் நாள். தொடக்க நாளிலிருந்து விரல்விட்டு எண்ணித் தசமியைக் கண்டுபிடிப்பது ஆபத்து என்பதற்கு அடுத்தடுத்த இந்த இரண்டு ஆண்டுகளே சான்று.

சில விழாக்களுக்கு உதயத் திதி செல்லாது. மாலைப் பொழுதில் நிற்கும் திதியே திஹாரில் வரும் லட்சுமி பூஜைக்கு வேண்டும். 2024 இல் அமாவாசை இரண்டு மாலைகளைத் தொட்டது. தமிழ்நாட்டில் அக்டோபர் 31 தீபாவளி. நேபாளத்தில் லட்சுமி பூஜை நவம்பர் 1. இந்தியாவிலேயே பண்டிதர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிட்ட ஆண்டு அது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையிலான சச்சரவை அறிந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வேறுபாடு வாதத்தின் முடிவில்தான். நேபாளத்தில் இறுதிச் சொல் சொல்ல ஓர் அரசு அமைப்பு உண்டு. நேபாளப் பஞ்சாங்க நிர்ணாயக விகாஸ் சமிதி என்ற அந்தக் குழுவின் ஒப்புதல் பெற்றே பாத்ரோக்கள் அச்சாக வேண்டும். தசைனில் நெற்றியில் டீகா இடுவதற்கான நல்ல நேரத்தையும் அந்தக் குழுவே அறிவிக்கிறது. அதன் முடிவுகளை எல்லாப் பண்டிதர்களும் ஏற்பதில்லை. எதிர்ப்புக் குரல் அவ்வப்போது எழுகிறது. ஆயினும் அலுவலகம் எந்த நாளில் மூடும் என்று தெரிந்தாக வேண்டியவருக்கு அந்தக் குழுவின் சொல்லே போதுமானது.

இங்கே நேரமும் கவனிக்க வேண்டியது. நேபாள நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 45 நிமிடம் முன்னால், இந்திய நேரத்தைவிடக் கால் மணி முன்னால் ஓடுகிறது. 1986 இலிருந்து இது நடைமுறை. கௌரிசங்கர் சிகரத்தை ஒட்டிய தீர்க்கரேகை அடிப்படை. திதிகள் காத்மாண்டு உதயத்துக்குக் கணிக்கப்படுகின்றன. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தைப் பார்த்து நேபாளத் திருநாளை முடிவு செய்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும், சில நேரம் சறுக்கும்.

தசைன், திஹார்: நாடே நிற்கும் மாதம்

ஆண்டின் மற்ற விடுமுறைகளை எல்லாம் ஒரு தட்டிலும் தசைனை மறு தட்டிலும் வைக்க வேண்டும். கடஸ்தாபனத்தன்று இருட்டறையில் வாற்கோதுமை விதைத்து வைக்கிறார்கள். ஒளி படாமல் மஞ்சளாக வளரும் அந்த முளைகள்தாம் ஜமரா. ஏழாம் நாள் பூல்பாதி. எட்டும் ஒன்பதும் பலி நாட்கள்; நவமியன்று வாகனங்களுக்கும் கருவிகளுக்கும் பூஜை, நம் ஆயுத பூஜையின் அதே நாள். பத்தாம் நாள் குடும்பத்தின் மூத்தவர் தயிரில் குழைத்த அரிசியும் சிந்தூரமும் சேர்த்த டீகாவை இளையோரின் நெற்றியில் இட்டு, ஜமராவைத் தலையில் சூட்டி வாழ்த்துவார். அது ஒரு நாளில் முடியாது. தாத்தா வீடு, தாய்மாமன் வீடு, அத்தை வீடு என்று பௌர்ணமி வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். தொலைதூர மலைக் கிராமத்தில் மூத்தவர் காத்திருக்கும்போது காத்மாண்டுவில் இருப்பதைப் பெருங்குறையாகவே அவர்கள் கருதுகிறார்கள்.

அரசு விடுமுறை பெரும்பாலும் பூல்பாதியில் தொடங்கித் துவாதசியை ஒட்டி முடியும். நடைமுறை விடுமுறை அதைவிட நீளமானது. தசமிக்கு மூன்று வாரத்துக்குள் திஹார் வந்துவிடும்: காகத்துக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பசுவுக்கும் லட்சுமிக்கும் ஒரு நாள், கோவர்த்தன பூஜை, ஐந்தாம் நாள் உடன்பிறந்தவனுக்குச் சகோதரி இடும் பாய் டீகா. அதிலிருந்து சில நாட்களில் தராயிலும் ஜனக்பூரிலும் சட் விழா. கடஸ்தாபனத்திலிருந்து சட் முடிய ஐந்து வாரத்துக்கு மேல். இடையில் அலுவலகம் திறந்திருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருப்பார் என்ற உறுதி இல்லை. அரசியல்வாதிகளுக்கும் இது தெரியும். 2013, 2017, 2022 ஆகிய மூன்று தேசியத் தேர்தல்களும் மங்சிர் மாதத்தில், விழாக்கள் ஓய்ந்த பிறகே நடந்தன.

இதைச் சோம்பல் என்று குறை சொல்லும் வெளிநாட்டு நிறுவனத்தாரின் பேச்சு எனக்கு ஏற்புடையதல்ல. நேபாளக் குடும்பங்களில் பெரும் பகுதி வளைகுடாவிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் வேலை செய்யும் ஒருவரை நம்பி நிற்கிறது. சிதறிக் கிடக்கும் அந்தக் குடும்பம் ஒன்றுசேர ஆண்டில் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளி இது. தொழிலாளர் சட்டமும் இதை மதித்து, ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைத் திருவிழாச் செலவாகக் கொடுக்கச் சொல்கிறது. திட்டமிட வேண்டியது நம் பொறுப்பு.

வேறு புத்தாண்டுகளும் உண்டு

நேபாளத்துக்குள் ஓராண்டில் கொண்டாடப்படும் புத்தாண்டுகளை எண்ணினாலே அந்நாட்டின் பன்மை புரியும். அவற்றுள் மிகுந்த மதிப்போடு பேச வேண்டியது நேவார் மக்களின் நேபாள சம்பத். 879 அக்டோபரில் தொடங்கிய சந்திர ஆண்டு இது. எந்த மன்னனின் பெயரையும் தாங்காமல் நாட்டின் பெயரைத் தாங்குகிறது. சங்கதர் சாக்வா என்ற வணிகர் ஆற்று மணல் பொன்னாகக் கிடைக்கப்பெற்று, அதைக்கொண்டு மக்களின் கடன்களை அடைத்த நாளில் இந்த ஆண்டு பிறந்ததாக மரபு. 1999 இல் அவரை அரசு தேசிய நாயகராக அறிவித்தது. ஷா மன்னர்கள் பள்ளத்தாக்கை வென்ற பிறகு அரசு வழக்கிலிருந்து விழுந்த இந்தக் கணக்கை நேவார்கள் விடாமல் காத்துவந்து, நெடிய போராட்டத்தால் மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். திஹாரின் நான்காம் நாளில் இதன் புத்தாண்டு. அன்றிரவு மண்டலம் வரைந்து தன் உடலையே வழிபடும் மஹ பூஜை. 2025 இல் பிறந்தது 1146.

லோசாரும் ஒன்றல்ல, மூன்று. குருங்குகளின் தமு லோசார் சூரியத் தேதியில் நிற்கிறது. தமாங்குகளின் சோனாம் லோசார் மாக மாத வளர்பிறைப் பிரதமையில். ஷெர்பாக்களின் கியால்போ லோசார் அதற்கடுத்த பால்குன வளர்பிறைப் பிரதமையில். ஒரு மலையேற்ற வழிகாட்டி எந்தச் சமூகத்தவர் என்பதைப் பொறுத்து அவர் ஊருக்குப் போகும் வாரம் மாறும். தமாங் ஒருவரைக் கியால்போ லோசாருக்கு வாழ்த்துவது, நல்லெண்ணத்தில் செய்ததானாலும், அவரை அறியாமல் செய்ததே.

விடுமுறை யாருக்கு, எங்கே

ஒரு நாள் விழாவாக இருப்பது வேறு, விடுமுறையாக இருப்பது வேறு. ஆண்டுப் பிறப்புக்கு முன் உள்துறை அமைச்சகம் விடுமுறைப் பட்டியலை அரசிதழில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைக் கவனமாகப் படிக்க வேண்டும். தீஜ் விடுமுறை பெண்களுக்கு. காய் ஜாத்ரா, இந்திர ஜாத்ரா, கோடே ஜாத்ரா காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு. பாகு பூர்ணிமா என்னும் ஹோலிக்கு மலை மாவட்டங்களில் ஒரு நாள், தராய் மாவட்டங்களில் மறுநாள். காத்மாண்டுவிலிருந்து ஜனக்பூருக்கு அந்த வாரம் பயணம் செய்பவர் இரண்டு நாளும் வேலையின்றி நிற்க நேரிடும், அல்லது இரண்டு நாளும் வண்ணத்தில் நனைய நேரிடும். சில சமூக விழாக்கள் ஓர் அரசின் காலத்தில் பொது விடுமுறையாகவும், அடுத்த அரசின் காலத்தில் அந்தச் சமூகத்தவருக்கு மட்டுமான விடுமுறையாகவும் மாறியிருக்கின்றன. மே தினமும் கிறிஸ்துமஸும் மகளிர் தினமும் ஆங்கிலத் தேதியிலேயே நிற்பவை. ஈத் பெருநாள்கள் பிறை பார்த்து.

வார ஓய்வும் நமக்கு மாறுபட்டது. பல்லாண்டுகளாகச் சனிக்கிழமையே நேபாளத்தின் விடுமுறை நாள். ஞாயிறு வாரத்தின் முதல் வேலை நாள். 2022 மே நடுவில், எரிபொருள் இறக்குமதியும் அந்நியச் செலாவணியும் நெருக்கியபோது, சனியும் ஞாயிறும் விடுமுறை என்று அரசு அறிவித்தது. ஒரே மாதத்தில் அதைக் கைவிட்டது. இத்தகைய முடிவுகள் மீண்டும் வரலாம் என்பதால் புறப்படும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவோடு சேர்ந்து வேலை செய்யும் அலுவலகத்துக்கு இதன் பொருள் எளிது: இரு பக்கமும் முழுதாகத் திறந்திருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும், அதிலும் வெள்ளி பிற்பகலில் நேபாள அரசு அலுவலகங்கள் முன்னதாகவே மூடுவது வழக்கம்.

திருமண நாட்களைப் பட்டியலில் காண முடியாது, ஆனால் திட்டமிடுவோர் அவற்றையும் பார்க்க வேண்டும். பைசாக், ஜெட், அசார், மங்சிர், மாக், பாகுன் ஆகியவை லக்ன மாதங்கள். மங்சிர் பிறந்ததும் காத்மாண்டுவின் மண்டபங்களும் விடுதிகளும் நிறையும். சாவுன் முதல் கார்த்திக் வரையும், புஸ், சைத் மாதங்களிலும் முகூர்த்தம் இல்லை. கருத்தரங்கு நடத்த இடம் தேடுபவருக்குப் புஸ் நல்ல மாதம், குளிருக்குத் தயாராக இருந்தால்.

பயணத் தேதியைக் குறிப்பது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து நேபாளம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு முக்திநாத்தும் பசுபதிநாத்தும் இலக்கு. முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமமாகப் போற்றப்பட்டு 108 திவ்ய தேசங்களில் எண்ணப்படுவது. கடல் மட்டத்துக்கு 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த இடத்துக்கு மழைக்காலமும் கடுங்குளிரும் ஒத்துவராது. எனவே வசந்தமும், மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரும்தான் மிச்சம். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் விழும் அதே நாட்களில் நேபாளத்தில் தசைன் உச்சத்தில் இருக்கும். கோவில் திறந்திருக்கும், மலை தெளிவாகத் தெரியும். ஆனால் பூல்பாதிக்கு முந்தைய நாட்களில் காத்மாண்டுவை விட்டு வெளியேறும் பேருந்துகளில் இடம் கிடைக்காது. தசமியிலும் மறுநாளும் ஓட்டுநர் கிடைப்பது அரிது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன, காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் பிற்பகல் காற்று அத்தனை வலியது. காலை மேகமூட்டத்தால் ஒரு விமானம் ரத்தானால், மாற்று வண்டிக்கு விழா வாரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை இது. முதியோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் பூல்பாதிக்கு மூன்று நாள் முன்பிருந்து பௌர்ணமி வரையிலான நாட்களைத் தவிர்க்கலாம். பௌர்ணமிக்கும் திஹாருக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு நாள் மிக உகந்தது: வானம் தெளிவு, ஊழியர்கள் திரும்பியிருப்பார்கள், கூட்டம் தணிந்திருக்கும். திருவிழாவையே பார்க்க விரும்புபவர்கள் தசைனைவிடத் திஹாருக்குப் போகலாம். தசைன் வீட்டுக்குள் நடக்கிறது, விருந்தினருக்கு மூடிய கடைகளே தெரியும். திஹாரின் விளக்குகளும் பாட்டுக் குழுக்களும் தெருவில் இருக்கும்.

தொழில் நோக்கில் போகிறவர்கள் இரண்டு காலங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று தசைன் முதல் சட் வரை. மற்றொன்று அசார் கடைசி வாரம், நிதியாண்டு முடியும் நேரம். அப்போது அரசு அலுவலகம் திறந்திருக்கும், ஆனால் உங்கள் கோப்பைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒப்பந்தம் எழுதும்போது நேபாளத் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டையும் போட்டு, முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். நேபாளச் சான்றிதழ்களில் 32 ஆம் தேதி இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல.

கைபேசியில் ‘ஹம்ரோ பாத்ரோ’ போன்ற செயலி ஒன்றை வைத்துக்கொண்டால் அன்றாடத் தேதி மாற்றத்துக்குப் போதும். அடுத்த ஆண்டுத் திருவிழாக்களுக்கு மட்டும் சமிதியின் பாத்ரோ வந்தபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதுவரை, சென்ற ஆண்டுத் தேதியிலிருந்து பதினொரு நாளைக் குறைத்து, அதிக மாதம் இருந்தால் அதற்குப் பதிலாகப் பத்தொன்பது நாள் கூட்டி, இருபுறமும் இரண்டு நாள் விட்டுவைத்தால் பெரும்பாலும் பொய்க்காது.

கடைசியாக, தமிழகத்தில் இருந்துகொண்டே இந்த நாட்காட்டியோடு தொடர்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் உணவகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவல் பணியிலும் நேபாளிகள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நாம் தீபாவளிக்குப் போனஸும் விடுப்பும் தருகிறோம். அவர்கள் ஊர் போக வேண்டியது அதற்கு மூன்று வாரம் முன்னதாக வரும் தசமிக்கு. ரயிலில் கோரக்பூர் போய், சுனௌலி எல்லையைத் தாண்டி, அங்கிருந்து மலைப் பேருந்து பிடித்துப் போகும் பயணம் நான்கைந்து நாள் பிடிக்கும். ரயில் முன்பதிவோ இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஆகவே விடுப்பு யாருக்கு, எந்தத் தேதியில் என்பதை ஆடி மாதத்துக்குள் முடிவு செய்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள். போனஸைத் தீபாவளி வரை வைத்திருக்காமல் கடஸ்தாபனத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.